நேரடி மேற்பார்வையில்

ஆறு அங்குல இரும்பு அடிக்கோல் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். எதைப் படித்தாலும் அதை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். விமானத்தின் பராமரிப்புக் கையேடாக இருந்தாலும் சரி, கேன்டீனில் ஒட்டியிருக்கும் அறிவிப்பாக இருந்தாலும் சரி, அப்படித்தான். அன்று பகல் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து தன் புதிய வேலை ஒப்பந்தத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நான்காம் பக்கத்தின் நடுவில் அடிக்கோல் நின்றுவிட்டது. கணினியில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்த நான், அது நகராததைத்தான் முதலில் கவனித்தேன். பிறகு அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இங்க ஒரு வார்த்த இருந்துச்சே தங்கச்சி. எங்க போச்சு?”

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சிலேத்தார் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை. எங்கள் அலுவலகம் மாடியில் இருந்தது. என் மேசைக்குப் பக்கத்துக் கண்ணாடி வழியாகக் கீழே ஹேங்கர் முழுவதும் தெரியும். இரண்டு விமானங்கள் நிற்கும் அளவுக்குப் பெரிய கொட்டகை அது. அவற்றின் அடியிலும் இறக்கையிலும் மெக்கானிக்குகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்கள் செய்த வேலையைப் போய்ப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது உரிமம் பெற்ற இன்ஜினியரின் பொறுப்பு. அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் வெளியே போக முடியாது. அப்படிக் கையெழுத்திடும் சிலரில் இவர் மூத்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்ற வேறுபாடு இல்லாமல் ஹேங்கரில் எல்லாரும் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அவர் இன்ஜினியர் அண்ணன்தான்.

அவர் தேடிய சொல் ‘நேரடி’. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது, அதன் பொருளைத் தமிழில் சொல்கிறேன். பழைய ஒப்பந்தத்தில், மெக்கானிக்குகளின் வேலை உரிமம் பெற்ற இன்ஜினியரின் நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்று இருந்தது. புதியதில் ‘மேற்பார்வையில்’ என்று மட்டும் இருந்தது. இன்னொரு மாற்றமும் உண்டு. மெக்கானிக்காகச் சேருகிறவருக்கு அந்தக் குறிப்பிட்ட வகை விமானத்தில் பயிற்சி இருக்க வேண்டும் என்று முன்பு தகுதிப் பட்டியலில் இருந்தது. அதை ‘தொடர்புடைய அனுபவம்’ என்று மாற்றியிருந்தோம்.

‘மாற்றியிருந்தோம்’ என்று எழுதிவிட்டேன். மாற்றியது நான். அந்த ஆண்டு வேலை குவிந்து கிடந்தது, ஆள் கிடைக்கவில்லை. மேலாளர் என் பின்னால் நின்றுகொண்டு திரையைக் காட்டினார். நேரடி என்று இருந்தால் ஒவ்வொரு மெக்கானிக் பக்கத்திலும் ஓர் இன்ஜினியர் நிற்க வேண்டியிருக்கும், நம்மிடம் அத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள், அந்தச் சொல்லை எடுத்துவிடு என்றார். எடுத்தேன். வரி கொஞ்சம் உள்ளே நகர்ந்து சரியாக உட்கார்ந்துகொண்டது. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். எனக்கு அது ஒரு படிவம். வேலை நேரம், விடுப்பு, கடமைகள், தகுதிகள் என்று தலைப்புகள் போட்டு, எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்துக் கொடுக்கிற ஒன்று.

“எல்லாருக்கும் ஒரே ஃபார்ம்தான் அண்ணே. யாரும் இவ்ளோ டீப்பா படிக்கிறதில்ல லா,” என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. “நான் அந்தப் பக்கம் நிக்கிறேன், இவன் இந்தப் பக்கம் வேல செய்றான். நான் பாக்கல. அப்புறம் நான் பாத்தேன்னு எப்படிம்மா எழுதுவேன்?” என்று கேட்டார். அது வாதம் இல்லை. உண்மையாகவே அவருக்கு விடை தெரிய வேண்டியிருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகப் படிக்கச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் திரும்பக் கொண்டுவந்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் நான்காம் பக்கத்தில், இரண்டு சொற்களுக்கு நடுவில் மேல்நோக்கி ஒரு சிறு கூரை வரைந்து, அதன்மேல் விடுபட்ட சொல்லை நீல மையில் எழுதியிருந்தார். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் போட்டிருந்தார். விமானப் பதிவேட்டில் எழுத்துப் பிழையைத் திருத்தும்போது அப்படித்தான் செய்வார்கள். மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. சுத்தமான நகல் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடு என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

நான் அண்ணனைக் கூப்பிட்டு என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. “ஃபைல்ல கிறுக்கல் இருக்கக் கூடாதாம்ண்ணே. புது காப்பில சைன் பண்ணுங்க. நீங்க எழுதுன பேஜ நான் பின்னால அட்டாச் பண்ணி வச்சிடறேன்.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “வைப்பல்ல?” என்றார். “வைப்பேன்ண்ணே.” கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேசையில் பழைய நகல் கிடந்தது. இணைப்பாக வைத்தால் மேலாளர் திட்டுவார், அதை வேறு விளக்க வேண்டியிருக்கும். இன்னும் ஆறு பேருடைய ஒப்பந்தங்கள் பாக்கி. எழுந்து போய் அந்தப் பக்கங்களைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டேன். இதைச் செய்யும்போது என் மனம் துடித்தது என்று சொல்ல ஆசைதான். அப்படி எதுவும் இல்லை. அதன்பின் போய்க் காப்பி கலக்கிக்கொண்டேன்.

புதிய தகுதிப் பட்டியலின்படி நாங்கள் எடுத்தவர்களில் கேலாங்கிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கும் இருந்தார். முப்பத்தெட்டு வயது, திருமணமானவர், அளந்து பேசுகிறவர். அதற்குமுன் விமானி பயிற்சிக்குப் பயன்படும் சின்ன விமானங்களில்தான் வேலை செய்திருந்தார். நேர்காணலில் அதை அவரே சொன்னார். ‘தொடர்புடைய அனுபவம்’ என்ற கட்டத்தில் சரி என்று குறியிட்டேன்.

அவர் சேர்ந்து மூன்றாவது மாதம் அது நடந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். பெரிய விமானங்களில் சக்கரங்கள் மேலே மடங்கிப் போய் உட்கார ஓர் அறை இருக்கும், அதற்குக் கதவும் உண்டு. திரவ அழுத்தத்தில் இயங்கும் அந்தக் கதவு கண் சிமிட்டும் நேரத்தில் மூடிவிடும். உள்ளே யாராவது வேலை செய்யும்போது கதவு மூடாதபடி சிவப்பு நாடா தொங்கும் ஒரு பின்னைச் செருக வேண்டும். சின்ன விமானத்தில் இப்படிப்பட்ட கதவே கிடையாது. கேலாங்காரர் அந்தப் பின்னைச் செருகாமல் உள்ளே கைநீட்டி மசகு போட்டுக்கொண்டிருந்தார். இன்ஜினியர் அண்ணன் கொட்டகையின் மறுகோடியில் இருந்தார். அங்கே நின்ற விமானம் அன்று மாலை போக வேண்டும், கையெழுத்துக்காகக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் இந்த விமானத்தின் மேலே இருந்த வேறொருவர் வேறு ஏதோ சோதனைக்காக அழுத்தத்தைத் திறந்துவிட்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆட்கள் ஓடுவதைத்தான் பார்த்தேன். மறுகோடியிலிருந்து அண்ணன் ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, அவ்வளவு நீளமான கொட்டகையையும் தாண்டி ஓடிவந்தார். மெக்கானிக்கின் வலக்கையை மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நிறுவனத்துக்குள் விசாரணை நடந்தது. கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஃபைல்களோடு ஓரத்தில் இருந்தேன். அண்ணனை நிற்க வைக்கவில்லை, நாற்காலி கொடுத்தார்கள். மேற்பார்வை உங்கள் கடமை, நீங்கள் ஏன் பக்கத்தில் இல்லை என்று கேட்டார்கள். இரண்டு விமானங்களிலும் சேர்த்து ஆறு மெக்கானிக்குகளை என்னிடம் கொடுத்திருந்தீர்கள், ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் நிற்க முடியாது என்பதால்தான் அந்தச் சொல்லை ஒப்பந்தத்திலேயே கையால் எழுதிக் கொடுத்தேன், ஆபீஸில் கேட்டுப் பாருங்கள் என்றார். மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். மேலாளரும் பார்த்தார். அப்படி ஏதாவது ஃபைலில் இருக்கிறதா என்று மூவரில் ஒருவர் கேட்டார்.

“ஃபைலில் இருப்பது இது ஒன்றுதான்,” என்று சுத்தமான நகலை எடுத்து நீட்டினேன்.

சொன்னதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபைலின் ஓரத்தைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று மட்டும் சொன்னார். அவருடைய கையெழுத்து அதிகாரத்தை எடுத்துக்கொண்டார்கள். மாத முடிவில் அவரே வேலையை விட்டுப் போனார். ஏதோ ஒரு பள்ளியில் கட்டடப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த ஆண்டு நானும் வேறு நிறுவனத்துக்கு மாறினேன். விமானம் இல்லாத இடமாகப் பார்த்துச் சேர்ந்தேன். அங்கேயும் ஒப்பந்தங்கள்தான் எழுத வேண்டியிருந்தது. கடமைகள் என்ற தலைப்பைத் தட்டும்போதெல்லாம் விரல் நின்றுவிடும். யாரோ எதிரில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துக்கொண்டு வருவதுபோல் இருக்கும், நிமிர்ந்து பார்ப்பேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் கதவு மூடப்போகிறது என்று அந்த மணி அடித்ததும் என்னையறியாமல் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொள்வேன். ஒருமுறை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா காய்கறிப் பையோடு கதவுக்கு நடுவில் கையை நீட்டினார். நான் போட்ட கூச்சலில் அவர் பையையே கீழே போட்டுவிட்டார். வெண்டைக்காய்கள் சிதறின. மன்னிப்புக் கேட்டுப் பொறுக்கிக் கொடுத்தேன். “என்னம்மா ஆச்சு ஒனக்கு?” என்றார். யாரிடம் என்னவென்று சொல்வது? கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். தமிழ்ப் பூசை முடிந்து வந்திருந்தார், கையில் தேவாலயத்தில் கொடுக்கும் வாரச் செய்தித்தாள் இருந்தது. மெலிந்திருந்தார். நான் கூட்டத்தில் ஒதுங்கப் பார்த்தேன், அதற்குள் கையை உயர்த்திவிட்டார். “தங்கச்சி! எப்படிம்மா இருக்க? வா, ஒரு தே குடிப்போம்.”

தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பள்ளியில் மின்விசிறிகள் பழையவை என்றும், பிள்ளைகள் தன்னை அங்கிள் என்று கூப்பிடுகிறார்கள் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் நான் சொல்லிவிட்டேன். எப்படித் தொடங்கினேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தை நான் இணைக்கவில்லை, கிழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

“தெரியும்மா,” என்றார்.

“எப்படிண்ணே?”

“ரூமுக்கு வெளியில நின்னு ஷூ லேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். மெஷின் சத்தம் கேட்டுச்சு.” கோப்பையை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தார். “அப்பவே திரும்பி வந்து கேட்டிருக்கணும். சின்னப் பொண்ணு, பாவம், மேல இருக்கறவன் சொன்னத செய்யிதுன்னு நெனச்சேன். நமக்குத் தெரிஞ்சா போதும்னு போய்ட்டேன். அது என் தப்பு.”

நான் அழத் தொடங்கினேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “என்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போவுது. அவன்கிட்ட போய்ச் சொல்லு,” என்றார். “நான் அவன அம்போன்னு விட்டுட்டுப் போய்ட்டேன்னு நெனச்சிட்டு இருக்கான். போனது நெசந்தான். ஆனா ஏன் போனேன்னு அவனுக்குத் தெரியணும். நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும். நீ சொன்னா நம்புவான்.” வாரச் செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்து கேலாங் முகவரியை எழுதிக் கொடுத்தார். எதையும் பார்க்காமல், மனப்பாடமாக எழுதினார்.

அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். பிறகு தீபாவளி வந்தது, நல்ல நாளில் போய் இதைச் சொல்வதா என்று தள்ளினேன். ஒரு சனிக்கிழமை கேலாங் கிழக்கில் சிவன் கோயில் வரைக்கும் போனேன். அங்கிருந்து அந்த புளோக் நடக்கும் தூரம்தான். கோயிலைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்படியே நான்கு மாதங்கள் போயின. பிறகு பழைய சக ஊழியர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. இன்ஜினியர் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார், மாரடைப்பு.

சுவா சூ காங்கில் அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். ஹேங்கர் ஆட்கள் பலர் வந்திருந்தார்கள், மலாய்க்கார மெக்கானிக் ஒருவர் தேம்பித் தேம்பி அழுதார். அண்ணனின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒன்னப் பாத்தேன்னு சொன்னாரும்மா. அந்தப் பொண்ணு போவும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்கன்னு சொல்லல,” என்றார். நான் தலையை ஆட்டினேன். வந்தவர்களின் வலக்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேலாங்காரர் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஞாயிறு. காலையில் கிளம்பிப் போனேன். ஏழாவது மாடி. இரும்புக் கதவை இடக்கையால் திறந்தவர் அவர்தான். வலது சட்டைக்கையின் நுனியை மடித்துப் பின் குத்தியிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். “ஆபீஸ் மேடம்தானே,” என்றார். வாசலில் நின்றபடியே சொன்னேன். ஒப்பந்தம், அழித்த சொல், அண்ணன் நீல மையில் எழுதியது, நான் கிழித்தது, விசாரணையில் நான் சொன்னது. இத்தனை ஆண்டுகள் பெரிதாக இருந்த விஷயம், சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் கதவுக் கம்பியில் சாய்ந்துகொண்டார். பிறகு, “நீங்கதானே என்ன இன்டர்வியூ பண்ணீங்க. இந்த மாதிரி பெரிய பிளேன் நான் பாத்ததில்ல மேடம்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

“இருக்கு.”

“அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, அது ஞாபகம் இருக்கா? பயப்படாதீங்க, பக்கத்துலயே ஆள் இருப்பாங்கன்னு சொன்னீங்க.”

எனக்கு நினைவில்லை. எவ்வளவு தோண்டிப் பார்த்தும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

“உள்ள வாங்க,” என்றார். “இத என் வைஃப்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவதான் இன்னும் அவர திட்டிக்கிட்டு இருக்கா.”

அந்த அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. சொல்லி முடித்ததும் கணவரை நோக்கி, “அவரு ஆஸ்பத்திரிக்கு எத்தன தடவ வந்தாரு! ஒரு தடவகூட நான் உள்ள விடல. வாயத் தொறந்து இதச் சொல்லல பாருங்க அந்த மனுஷன்,” என்றார். பிறகு என்னிடம், “ஒருவாட்டி திராட்ச வாங்கிட்டு வந்தாரு. அவரு கண்ணு முன்னாலயே குப்பைத் தொட்டில போட்டேன். பேசாம போய்ட்டாரு,” என்றார்.

புடவை முந்தானையில் கையைத் துடைத்தார். “அவரு வீடு எங்க? சுவா சூ காங்தானே? எம்ஆர்டி ரயில்ல போயிடலாம். இன்னிக்கு ஞாயிறு, வீட்லதான் இருப்பாரு. இருங்க, சேல மாத்திட்டு வந்துடறேன். நேர்ல ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடணும்.” அறைக்குள் போய்விட்டார். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மெக்கானிக்கும் காலணியைத் தேடினார்.

நான் எழுந்து நின்றேன். “அக்கா,” என்று கூப்பிட்டேன். அவர் கையில் மடித்த சேலையோடு அறை வாசலுக்கு வந்தார். நான் சொல்வதற்கு முன்பே என் முகத்தில் படித்திருக்க வேண்டும்.

“எப்போ?” என்றார்.

“வியாழக்கிழமை. நேத்து அடக்கம் பண்ணிட்டாங்க.”

சேலையை நாற்காலியின் மேல் வைத்தார். மடிப்புக் கலையாமல் மெதுவாக வைத்தார். “அவரு ஒங்ககிட்ட இங்க வரச் சொன்னது எப்போ?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு வாரம் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது?

“நாலு மாசத்துக்கு முன்னாலக்கா.”

“நாலு மாசம்,” என்றார் அவர். சேலையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார், அலமாரி மூடும் சத்தம் கேட்டது.